கந்தூரிப் படத்தின் இடது ஓரம்

படம் வாங்க வருகிறவர்கள் முதலில் தங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கண் மூடியிருக்கிறதா, பல் தெரிகிறதா, சீலை மடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து முடிந்த பிறகுதான் பக்கத்தில் நிற்கிறவர் கண்ணில் படுவார். மன்னார் பட்டினத்தில் எட்டு வருடம் ஸ்டூடியோ நடத்தினேன். இந்த ஒழுங்கு மாறி நான் கண்டது ஒரே ஒருவரிடம். அவர் தன் அடையாள அட்டைப் படத்தைப் பார்க்காமலே வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு மேசையில் காய்ந்துகொண்டிருந்த யாரோ ஒருவரின் கலியாணப் படத்தைக் குனிந்து பார்த்து, "இந்தப் பொம்பிளைக்குப் பின்னால நிக்கிற மாடு ஆருட?" என்று கேட்டார்.

நான்தான் அந்தப் படத்தை எடுத்தேன், நான்தான் திருத்தினேன், நான்தான் அடித்தேன். மாடு எதுவும் என் கண்ணில் பட்டிருக்கவில்லை.

"மாடா? எங்க நானா?"

"மாடில்லாட்டி வேலிக்குக் கீழால நாலு கால் எப்பிடித் தெரியும் மகள்?"

மாடுதான். அன்றைக்குச் சிரித்தேன். முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் அண்ணன் முறையில் நானா என்போம். பின்னால் பார்க்கிற நானா என்று வீட்டில் போய்ச் சொன்னேன். அந்தப் பெயரே எங்கள் வீட்டில் அவருக்கு நிலைத்துவிட்டது.

கொண்டச்சியிலிருந்து வருகிறவர். வெயில் காலம் கடல், மழை பெய்தால் வயல் என்று இருந்த மனிதர். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, ஊரோடு சேர்ந்து கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு புத்தளம் போய், இருபது வருடத்துக்கு மேல் அங்கே கிடந்து, யுத்தம் முடிந்து திரும்பியவர். நானும் திரும்பியவள்தான். பேசாலையிலிருந்து வள்ளத்தில் போய், மண்டபம் முகாமில் வளர்ந்து, ஒரு கொம்பியூட்டர் சான்றிதழோடு வந்து இறங்கினேன். அந்த நாட்களில் எல்லோருக்கும் படம் தேவைப்பட்டது. காணிப் படிவத்துக்குப் படம், வீட்டுத்திட்டத்துக்குப் படம், குடும்ப அட்டைக்குப் படம். அரச கந்தோர்கள் கேட்ட படங்களில்தான் என் கடை ஓடியது.

வெள்ளைத் தொப்பி, கட்டம் போட்ட சாரன், மழையோ வெயிலோ ஒரு குடை. படத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு கையையும் சாரனில் துடைப்பார். சிலாவத்துறைப் பக்கம் போகிற பஸ் வரும்வரை என் கடையின் பிளாஸ்டிக் கதிரையில் ஒரு ஓரமாக இருப்பார். சும்மா இருக்க மாட்டார். மேசையில் உள்ள எல்லாப் படத்தையும் பார்ப்பார். இந்தக் கிணற்றுக் கட்டு எந்த ஊரில், இந்த மதிலில் சாய்த்து வைத்திருக்கிற துடுப்பு யாருடையது, இந்த ஜன்னலுக்குள்ளே ஒரு மனுசி நின்று அழுகிறாவே, அவ யார். கலியாண வீட்டுக்காரருக்கே தெரியாத விஷயங்கள்.

ஒரு முறை எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி மகளின் புதுநன்மைப் படத்தோடு வந்தாள். ஓரத்தில் நிற்கிற மைத்துனரை வெட்டிவிடச் சொன்னாள். பேச்சுவார்த்தை இல்லையாம். நான் வெட்டத் தொடங்க, கதிரையிலிருந்து குரல் வந்தது.

"வெட்டாதீங்கோ மகள். வெட்டுற துண்டிலதான் எல்லாம் இருக்கும்."

"இவருக்கென்ன இதில?" என்று அவள் என்னைப் பார்த்து முறைத்தாள். நான் வெட்டினேன். அவள் போன பிறகு அவர் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"வெட்டின துண்டு எங்க போகும்?"

"எங்கயும் போகாது நானா. ஒரிஜினல் அப்பிடியே உள்ளுக்க இருக்கு. இது அடிக்கிறதுக்கு எடுத்த கொப்பி."

"முழுசா இருக்குமா?"

"முழுசா இருக்கும்."

அவர் முகம் தெளிந்தது. அடுத்த கிழமை ஒரு துண்டுக் கடதாசியோடு வந்தார். அதில் ஓர் இணைய முகவரி எழுதியிருந்தது. கட்டாரில் வேலை செய்யும் தம்பி மகன் ரெலிபோனில் சொல்லச் சொல்ல, எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

தம்பி மகன் குடும்பத்துப் பழைய படங்களையெல்லாம் அங்கே ஒரு கடையில் பெரிதாக ஸ்கேன் செய்து, இணையத்தில் ஓர் அல்பமாக ஏற்றி வைத்திருந்தான். கொண்டச்சியில் ஒருவரிடமும் பழைய படம் கிடையாது. எல்லாம் வீடுகளோடு போய்விட்டது. தம்பி அந்தக் காலத்திலேயே வெளிநாட்டில் உழைத்தவர் என்பதால், லீவில் வந்து எடுத்த பிலிம் அவரோடு விமானம் ஏறித் தப்பியிருந்தது. அதில் ஒன்று கந்தூரிப் படம், பள்ளியில் ஊருக்கே சோறு போடுகிற நாளில் எடுத்தது. பள்ளிவாசலுக்கு முன்னால் பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். இடது கரையில் கடைசியாக நிற்பது நானா, கறுத்த தாடியோடு. நான் அந்த முகத்தைக் காட்டி, "இது நீங்கள்தானே?" என்றேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"பின்னால வேலி தெரியுதா மகள்? அதுதான் எங்கட மையவாடி."

மையவாடி என்றால் அவர்களுடைய அடக்க நிலம். பிறகு சொன்னார். ஒரு மகள் இருந்தாள், ஆறு வயது. காய்ச்சல் என்று சிலாவத்துறைக்குக் கொண்டுபோன இடத்தில் மௌத்தாகிவிட்டாள். "உங்கட ஆக்கள் பெட்டியச் சுத்தி நிண்டு படம் எடுக்கிறவங்கள். எங்கள்ல அது இல்ல. உசிரோட இருக்கேக்க எடுப்பமெண்டு நினைக்கவும் இல்ல." அடக்கிய இடத்தின் தலைமாட்டில் அடையாளத்துக்கு மீசான் கட்டை நடவேண்டும். அவர் தன்னுடைய பழைய வள்ளத்திலிருந்து ஒரு பலகையைக் கழற்றிச் சீவி நட்டார். நீலப் பலகை. குறுக்கே வள்ளத்தின் வெள்ளைக் கோடு ஓடும். அது நட்டுக் கொஞ்ச நாளில் கந்தூரி. அதற்குக் கொஞ்ச நாளில் ஊரே வெளியேறியது.

திரும்பி வந்தபோது பள்ளியின் அத்திவாரமும் மையவாடி வாசலின் சீமெந்துத் தூணும்தான் மிச்சம். நடுவே உடைமுள் காடு. யாரோ எப்போதோ மண் அணை கட்ட டோசர் விட்டிருந்தார்கள். பிள்ளை எங்கே கிடக்கிறாள் என்று தெரியவில்லை. புத்தளத்தில் இருந்த காலம் முழுவதும் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் இதுதான் சண்டை. வாசல் தூணுக்குப் பக்கத்தில் என்பா அவ. அவர்களில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. அன்றைக்கு வாசலுக்கு வெளியே நின்று பார்த்தவ. இல்லை, உள்ளே தள்ளி, பூவரசு வரிசைக்குக் கீழே என்பார் இவர். மண்வெட்டி பிடித்த கை தன்னுடையது, ஆனால் அன்று கண் தன்னிடம் இருக்கவில்லை என்றும் சொல்வார்.

"இந்தப் படத்த முழு சைஸில அடிச்சுத் தாங்கோ மகள். பலகை தெரியும். தெரிஞ்சாப் போதும், நான் வாசல் தூணில இருந்து அளந்து பிடிச்சிருவன்."

இணையத்தில் பார்க்கக் கிடைப்பது சின்னக் கொப்பி. முழு அளவு வேண்டுமென்றால் ஒரிஜினலைத் தனியாக இறக்க வேண்டும். கனமான படம். அப்போது இணையத்துக்கு என்னிடம் இருந்தது ஒரு சின்ன டொங்கிள். பாதியில் அறுந்தால் திரும்ப முதலிலிருந்து. நானா கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு படம் இறங்க இறங்கத் திரையில் பச்சைக் கோடு வளர்வதையே பார்ப்பார்.

"எவ்வளவு வந்திருக்கு?"

"அறுபது வீதம் நானா."

"அல்ஹம்துலில்லாஹ்."

எழுபதில் அறுந்துவிடும். அவர் கோபப்பட மாட்டார். குடையை எடுத்துக்கொண்டு, "இன்ஷா அல்லாஹ், வாற கிழமை," என்று போவார். இப்படி ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் வர, ஒன்றரை மணித்தியாலம் போக.

ஆறாவது முறை வந்தது எங்கள் ஊர்த் திருவிழாக் கிழமையில். கடை நிறையச் சனம். மேசை நிறைய வேலை. எனக்கு எரிச்சல். அவர் மீது இல்லை, அந்தப் பச்சைக் கோட்டின் மீது. ஆனால் எரிச்சல் எரிச்சல்தான். திரையில் தெரிந்த சின்னக் கொப்பியையே இறக்கினேன். பெருப்பித்தேன். கூர்மையாக்கினேன். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் அடித்தேன். தூரத்தில் நின்று பார்த்தால் நல்ல படம். கிட்டப் பார்த்தால் எல்லாம் குழைந்த சோறு.

நானா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"இது முழு சைஸ் தானே மகள்?"

"ஓம் நானா. முழு சைஸ்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த ஓம். இன்றைக்கும் என் காதில் அது கேட்கிறது.

அவர் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இடது பக்கம் பூவரசு நிழல் ஒரே கறுப்பு. வலது பக்கம், வாசல் தூணுக்கு ஒட்டினாற்போல், விரல் நகமளவு நீலம்.

"மகள், இஞ்ச வந்து பாருங்கோ. இது நீலம் தானே?"

வரிசையில் நாலு பேர் நின்றார்கள். நான் எட்டிப் பார்த்து, "ஓம் நானா, அதுதான், பலகைதான்," என்றேன்.

அவர் அந்த நீலத்தின் மேல் விரலை வைக்கப் போய், அழுக்காகிவிடும் என்று எடுத்துக்கொண்டார். "அப்ப அவ சொன்னதுதான் சரி," என்றார். கண் நிறைந்திருந்தது. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் நன்மை மாதிரியே நடந்தது. தூணிலிருந்து அளந்து, முள்ளை வெட்டி, இடத்தைப் பிடித்து, புதுப் பலகை சீவி, நீலம் அடித்து, வெள்ளைக் கோடும் இழுத்து நட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் யாசீன் ஓதினார். ஒரு நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அவ முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இனிப்பு வட்டிலப்பம் இருந்த தகர ரின்னை என் மேசையில் வைத்தா.

"இருவது வருசத்துக்கு மேல இந்த மனிசன் நான் சொன்னத நம்பேல்ல பிள்ள. கடைசியில படமே சொல்லீட்டுது பாத்தீங்களா?"

"சொல்லீட்டுது, சொல்லீட்டுது," என்றார் நானா, தோற்றுப்போன சந்தோஷத்தோடு.

"வாசலுக்கு வெளிய நிண்டாலே பலகை தெரியுது. போய்ச் சலாம் சொல்லிப்போட்டு வந்தாத்தான் எனக்கு இப்ப நித்திர வருது."

நான் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டேன். ருசித்துத்தான் சாப்பிட்டேன். ஒரிஜினல் என்று ஒன்று இணையத்தில் இறங்காமல் கிடக்கிறது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

மூன்றாம் வருடம் அவ மௌத்தாகிவிட்டா. நெஞ்சு நோ. மகளுக்குப் பக்கத்தில் அடக்கச் சொல்லிக் கேட்டிருந்தா. வாசல் தூணுக்குப் பக்கத்தில், நீலப் பலகைக்கு அருகே அடக்கினார்கள். நாற்பதாம் நாள் கழித்து நானா வந்து கதிரையில் இருந்து இதைச் சொன்னார். "தாயும் பிள்ளையும் ஒண்டாக் கிடக்குதுகள். எனக்கு அது போதும் மகள்." அன்றைக்கு அவர் மேசையில் இருந்த படங்கள் எதையும் பார்க்கவில்லை.

அதே வருடம் கடைக்கு நல்ல இணைப்பு வந்தது. தம்பி மகன் கட்டாரிலிருந்து ரெலிபோன் எடுத்து, தான் லீவில் வருவதற்குள் அல்பத்தை முழுவதும் அடித்து வைக்கச் சொன்னான். ஒரிஜினல்கள் எல்லாம் ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில் இறங்கிவிட்டன. நான் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தேன். கந்தூரிப் படம் வந்தது. பெருப்பித்தேன். பெருப்பிக்கப் பெருப்பிக்கத் தெளிந்துகொண்டே போனது. வாசல் தூணில் ஒரு வாளி தொங்கியது. கம்பிக் காதுள்ள நீலப் பிளாஸ்டிக் வாளி.

இடது பக்கம் நகர்த்தினேன். கறுப்பாக இருந்த பூவரசு நிழலுக்குள் இப்போது இலை தெரிந்தது, அடிமரம் தெரிந்தது. கறுத்த தாடியோடு நிற்கிற நானாவின் தோளுக்கு இடது பக்கம், சற்றுப் பின்னால், நிலத்திலிருந்து முழம் உயரத்தில், ஒரு பலகை. நீலம். குறுக்கே வெள்ளைக் கோடு.

மூன்று கிழமை நான் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. பூசைக்குப் போனேன், பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று என்னோடு நானே வழக்காடினேன். அவர் வந்து கதிரையில் இருந்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது. திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வாளியைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை இடது பக்கம் போனது.

"கோடு தெரியுது," என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். திருவிழாக் கிழமை, சின்னக் கொப்பி, என் எரிச்சல் எல்லாம். அழுதுகொண்டு சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை.

"கேட்டனானே மகள். முழு சைஸா எண்டு கேட்டனானே."

நான் கையால் கண்ணைத் துடைத்தேன்.

"நான் சொன்ன இடந்தான் சரியா இருந்திருக்கு," என்றார் அவர். வெற்றி பெற்றவர் குரல் இல்லை அது. "அவ ஆருடயோ பிள்ளைக்குப் பக்கத்தில கிடக்கிறா. எங்கட பிள்ள தனியக் கிடக்குது."

"மாத்தேலாதா நானா? கேட்டுப் பாத்து..."

"மண்ணுக்குக் குடுத்தாச்சு. தோண்டேலாது. அவ சந்தோசமாப் போனவ. அது அப்பிடியே இருக்கட்டும்."

பிறகு எழுந்து திரைக்குக் கிட்ட வந்து, வாசல் தூணிலிருந்து வேலிக் கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அந்த வேலியைக் கட்டியவரே அவர்தானாம். கட்டைக்குக் கட்டை எத்தனை முழம் என்று கைக்குத் தெரியும். உதடு அசைய இரண்டு தரம் எண்ணிச் சரிபார்த்தார்.

"தம்பி மகனுக்கு மற்றப் படங்கள அடிச்சுக் குடுங்கோ. இத அடிக்காதீங்கோ. ஊருக்குத் தெரிஞ்சால் அவவுக்குத்தான் கெட்ட பேர். பிழையான இடத்தக் காட்டினவ எண்டு சொல்லுவாங்கள்."

தவறு என்னுடையது. அவர் காப்பாற்றியது அவவை. என்னையும் சேர்த்துக் காப்பாற்றினார் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அதன் பிறகு அவர் இரண்டு முறைதான் வந்தார். மேசையில் படங்கள் கிடந்தன. எடுத்துப் பார்த்தார். முகங்களை மட்டும் பார்த்துவிட்டு வைத்தார். ஒரு படத்தில் ஆட்களுக்குப் பின்னால் நாய் ஒன்று நின்றது. அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. போகும்போது மட்டும், "பூவரசங்கம்பு ஒண்டு நட்டனான். துளிர்த்திட்டுது," என்றார்.

அவர் மௌத்தான செய்தியை எனக்குத் தம்பி மகன்தான் சொன்னான். ஊருக்கே திரும்பி வந்துவிட்டவன், ஒரு பின்னேரம் கடைக்கு வந்தான். கதிரையில் இருந்தான். அந்தக் கதிரையில்தான்.

"அக்கா, பெரியவாப்பா உங்களோட நல்லாக் கதைக்கிறவர். ஒண்டு கேக்கலாமா?"

"கேளுங்கோ."

"பெரியும்மாக்குப் பக்கத்தில இடம் இருந்தது. இவர் அங்க வேண்டாமெண்டவர். அங்கால தள்ளி ஒரு பூவரசு நட்டு வச்சிருந்தவர், அதுக்குக் கீழதான் அடக்கவேணுமெண்டு சத்தியம் வாங்கினவர். தனிய. ஊருக்குள்ள ஒரு மாதிரிக் கதைக்கிறாங்கள். மனுசி மேல அவ்வளவு கோவமா?"

"கோவமில்ல," என்றேன். "கோவமேயில்ல எண்டு கேக்கிற ஆக்களிட்டச் சொல்லுங்கோ."

"அப்ப ஏன்?"

ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அந்தப் பூவரசுக்குக் கீழே யார் கிடக்கிறாள் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஊருக்குத் தெரியக் கூடாது என்று அவர் என்னிடம் கேட்டிருந்தார். ஏற்கெனவே ஒரு முறை அவர் கேட்டதைக் கொடுக்காமல் விட்டவள் நான். தெரியாது என்று தலையசைத்தேன்.

"அவற்ற முகம் பெரிசாத் தெரியிற படம் ஒண்டுமே வீட்ட இல்லை அக்கா. அந்தக் கந்தூரிப் படத்தில நிக்கிறார். அவர மட்டும் வெட்டி எடுத்துப் பெரிசா அடிச்சுத் தாங்கோ," என்றான்.

அடிக்காதீங்கோ என்று அவர் சொன்னது நினைவில்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது முழுப் படத்தை. வாளியும் தூணும் உள்ள படத்தை. நான் ஒரிஜினலைத் திறந்தேன். மற்றப் பதினொரு பேரையும் வெட்டினேன். பள்ளியை வெட்டினேன். வாசல் தூணையும் வாளியையும் வெட்டினேன். இடது ஓரத்தை மட்டும் தோளோடு வெட்டாமல், இரண்டு விரல் அகலம் கூட விட்டேன்.

படம் தெளிவாக வந்தது. தாடியில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் பூவரசு நிழலில் நீலமும், அதன் குறுக்கே வெள்ளைக் கோடும் தெரிந்தன. அவனிடம் நீட்டினேன். அவன் முகத்தைப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான். தொப்பியைப் பார்த்தான்.

"நல்லா வந்திருக்கு அக்கா," என்றான். "பெரியவாப்பா தனிய நிக்கிறார்."

"ஓம்," என்றேன்.